நூறு நீலக் கதிரைகள்

சிறுதொழில் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் கணவர் றொபேட்டைப் பற்றி எழுதித் தரும்படி, சங்கச் செயலாளர் கிருஷாந்தினி மூன்று முறை தொலைபேசி எடுத்துவிட்டாள். தலைப்பையும் அவளே தந்தாள்: நிலைத்து நிற்கும் வெற்றிக்கு ஐந்து கொள்கைகள். "ஐஞ்சு வேணும் அக்கா, மற்ற எல்லாரும் ஐஞ்சுதான் தந்திருக்கினம்" என்கிறாள். அவரிடம் கேட்டேன். "எனக்கு எழுத வராது, நீயே எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டுக் கதிரை கழுவப் போய்விட்டார். பத்தொன்பது வருடமாக அந்த மனிதனோடு குடும்பம் நடத்துகிறேன். கொள்கை என்று ஒன்றையும் நான் கண்டதில்லை. பிடிவாதம் கண்டிருக்கிறேன். அதுவும் ஐந்தில்லை, ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றைச் சமாளிப்பதிலேயே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

வங்காலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டில்தான் கடை. கதிரை, மேசை, தகரப் பந்தல், பிரியாணி போடும் பெரிய கிடாரம் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறோம். கலியாணம், சாமத்தியச் சடங்கு, திருவிழா, செத்த வீடு என்று எதற்கும் போகும். கதிரை மட்டும் நானூறு. அதில் முந்நூறு வெள்ளை, நூறு நீலம்.

இந்த நூறு நீலத்தில்தான் என் சீவன் போகிறது. அதைக் கலியாணத்துக்குக் கொடுக்கமாட்டார். திருவிழாவுக்குக் கொடுக்கமாட்டார். ஆவணி மாதம், ஒரே நாளில் நாலு கலியாணம், வாசலில் ஆட்கள் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்கள், உள்ளே நூறு கதிரை அடுக்கியபடி சும்மா கிடக்கும். அவை செத்த வீட்டுக்கு மட்டும். சாவு தேதி வைத்துக்கொண்டு வராதாம், அதனால் அதற்கென்று எப்போதும் தயாராக இருக்க வேண்டுமாம். ஒரு மாதம் முழுக்க ஒருவரும் சாகாமல் இருந்தால் அந்த மாதம் முழுக்க நூறு கதிரையும் தூசி பிடித்துக் கிடக்கும். அவர் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். இதைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என் தொழில்.

மற்றக் கூத்துகளையும் சொல்லிவிடுகிறேன். வாடகைக்குப் போன கதிரை திரும்பி வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு கதிரையிலும் தானே ஒருமுறை உட்கார்ந்து எழும்புவார். கால் ஆடுகிறதா, முதுகு வளைகிறதா என்று பார்க்கிறாராம். நானூறு கதிரை என்றால் நானூறு முறை. பக்கத்து வீட்டுப் புஸ்பம் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன சுகந்தினி, உன்ர மனிசன் தோப்புக்கரணம் போடுறாரோ?" என்று கேட்பாள். கடைத் தொலைபேசி கடைக்குச் சொந்தமாம், அது கடையை விட்டு வெளியே போகக்கூடாதாம். ஆகவே அவர் எங்காவது போனால் ஆளைப் பிடிக்கவும் வழியில்லை.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் எரிச்சல் வந்தது.

நாங்கள் இந்தியாவில் மண்டபம் முகாமிலிருந்து திரும்பி வந்த அடுத்த வருடம், 2011இல், மாமி, அவருடைய அம்மா, செத்துப்போனா. ஆவணி வெயில். அன்றைக்கென்று பட்டினத்தில் ஏதோ பெரிய திறப்பு விழா. மாவட்டத்தில் இருந்த வாடகைக் கதிரை எல்லாம் அங்கே போய்விட்டது. கோயிலிலிருந்து இருபது கதிரை வந்தது. சனமோ இருநூறுக்கு மேல். நான் அப்போது மகளை வயிற்றில் வைத்து எட்டு மாதம். எனக்கு அந்த நாளில் ஞாபகமிருப்பது தலைச்சுற்றும் வியர்வையும்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், யாரோ பின்னால் ஒரு கதிரையை வைத்தார்கள், நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொத்தென்று உட்கார்ந்தேன்.

அவருக்கு ஞாபகமிருப்பது வேறு. எருக்கலம்பிட்டி மீன் வியாபாரி றஊப் வந்திருந்தார். இடம்பெயர முன்பு மாமியிடம் மீன் வாங்கிய மனிதர். புத்தளத்திலிருந்து அவரும் அப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருந்தார். அவருக்கு இடது கால் சரியில்லை, கோலூன்றித்தான் நடப்பார். அந்தக் காலோடு நாலு மணித்தியாலம் வேலிக்கம்பில் சாய்ந்தபடி நின்றாராம். பெட்டியடியில் நின்ற என் கணவர் அதை நாலு மணித்தியாலமும் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். "அம்மாவைப் பாக்க வந்த மனிசனுக்கு இருக்க ஒரு கதிரை குடுக்க ஏலாமல் போச்சு" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அடுத்த வருடம் நாற்பது கதிரையோடு கடையைத் தொடங்கினார். முதலில் வாங்கியது நீலம். வெள்ளையெல்லாம் பிறகு வந்தது.

அதிலிருந்து இன்றுவரை, செத்த வீடு என்று வந்தவர்களுக்கு எங்கள் கடையில் இல்லை என்ற சொல் வந்ததில்லை. வேதக்காரர், சைவர், முஸ்லிம் என்று பார்ப்பதில்லை. கதிரையை இறக்கிவிட்டு வந்துவிடவும் மாட்டார். மூன்று மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து, அந்தப் பக்கத்தில் தானே பரப்பிவிட்டுத்தான் வருவார்.

சரி, நல்ல மனிதர்தான். நல்ல மனிதரோடு ஒரு வியாபாரம் நடத்திப் பாருங்கள், தெரியும்.

போன வருடம் பட்டினத்தில் நிலக்சன் என்று ஒரு இளம் பிள்ளை புதுக் கடை போட்டான். கதிரைக்கு வெள்ளை உறை, உறைக்குப் பின்னால் பட்டு ரிப்பன், வாசலில் மின்விளக்கு வளைவு. எங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போகத் தொடங்கினார்கள். நான் உறை தைப்பித்தேன். அவர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் உயிலங்குளத்துக் கனடாக்காரர் வந்தார். மகளின் கலியாணம், வெள்ளி தொடக்கம் ஞாயிறு வரை மூன்று நாள் கொண்டாட்டம், நானூறு கதிரை வேண்டும். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சனம் வருகிறது. அந்தக் கலியாணம் நல்லபடி நடந்தால் அவர்கள் எல்லோரும் இனி எங்களிடம்தான் வருவார்கள். நடக்காவிட்டால் நிலக்சனிடம் போவார்கள், பிறகு நாங்கள் கொட்டிலைப் பூட்டிவிட்டு இருக்க வேண்டியதுதான். இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"முந்நூறு தரலாம்" என்றார் என் கணவர்.

கனடாக்காரர் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். "உதில நூறு கிடக்குதே?"

"அது சொல்லி வைச்சது."

"ஆருக்கு?"

"இன்னும் தெரியாது."

கனடாக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "அப்ப நான் பட்டினத்தில கேக்கிறன்" என்றார். "கேளுங்கோ, நிலக்சன் நல்ல பொடியன்" என்று இவர் வழியும் சொல்லி அனுப்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அதையும் ஒன்றும் சொல்லாமல் தின்றார்.

அந்தக் கலியாணம் தொடங்கும் வெள்ளிக்கிழமை விடிய, வெள்ளாங்குளத்தில் இருக்கும் தங்கையின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று பஸ் ஏறிப் போனார். ஞாயிறு காலைதான் திரும்புவார். கடைத் தொலைபேசி வழக்கம்போல மேசையில் இருந்தது. அவர் போன பஸ்ஸின் புகை அடங்கமுதல் நான் கனடாக்காரருக்கு எடுத்தேன். பட்டினத்தில் நிலக்சனிடமும் நானூறு ஒன்றாகக் கிடைக்கவில்லையாம், மனிதர் அந்தரப்பட்டுக்கொண்டிருந்தார். "நானூறும் தாறம்" என்றேன்.

எங்கள் லான்ட்மாஸ்டர் வண்டி ஓட்டுகிற இராசேந்திரம் அண்ணன் நீலக் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். "தங்கச்சி, இதைத் தொடக்கூடாதெண்டெல்லோ தம்பி சொல்லியிருக்கு."

"ஏத்துங்கோ அண்ணை. உறையைப் போட்டா நீலமும் வெள்ளைதான். ரண்டு நாளுக்குள்ள ஆரும் செத்தாலும், பெட்டி எடுக்க முதல் திருப்பிக் கொண்டு வந்திடலாம்."

இதுதான் நான் விட்ட பிழை. நான் வேதக்காரி, கத்தோலிக்கப் பெண். எங்கள் வீடுகளில் ஒருவர் செத்தால் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சுவாமியார் நேரம் சொல்ல வேண்டும். இரண்டு நாள், மூன்று நாள் பெட்டி வீட்டில் இருக்கும். சாவு என்றால் எனக்கு அப்படித்தான் மனதில் வரும். பதின்மூன்று வருடமாக முஸ்லிம் ஊர்களான எருக்கலம்பிட்டிக்கும் தாராபுரத்துக்கும் கதிரை அனுப்பிய எனக்கு, அங்கே காலையில் கண் மூடினவரைப் பின்னேரம் அடக்கிவிடுவார்கள் என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. அந்த நூறு கதிரையும் கொட்டிலிலேயே கிடக்க வேண்டியதன் காரணம் அதுதான் என்பதும் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. "றொபேட் நானா இல்லையா? நான் இன்பாஸ், றஊப் ஹாஜியார்ட மகன். வாப்பா மௌத்தாகிட்டார். அஸருக்குப் பிறகு அடக்கம். நானா எப்பவும் நூறு கதிரை வைச்சிருப்பார்தானே, அதை அனுப்பச் சொல்லுங்க."

மாவட்டத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அன்றைக்குச் சாவதற்கு றஊப் மட்டும்தானா கிடைத்தார் என்று ஒரு கணம் கடவுளோடு சண்டை பிடித்தேன். பிறகு, "ஓம் தம்பி, வரும்" என்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அஸர் தொழுகை மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில். கையில் ஐந்து மணித்தியாலம், கொட்டிலில் ஒரு கதிரை இல்லை.

கனடாக்காரருக்கு எடுத்தேன். பின்னால் மேளச் சத்தம். "என்னம்மா, பந்தியில இருக்கிற ஆக்களை எழுப்பிப்போட்டுக் கதிரையை உருவிக்கொண்டு போகப் போறீங்களோ?" என்று கேட்டார். அவரில் பிழையில்லை. வெட்கத்தை விட்டு நிலக்சனுக்கு எடுத்தேன். "மூண்டு இடத்துக்குப் போயிட்டுது அக்கா. சும்மா கிடக்கிற கதிரை எண்டு என்னட்ட ஒண்டும் இல்லை" என்றான். அவனும் நல்ல வியாபாரி. நல்ல வியாபாரி யாரிடம்தான் சும்மா கிடக்கிற கதிரை இருக்கும்? கோயில் மண்டபத்துக்கு ஓடலாம் என்று எழும்பினேன். இப்போதெல்லாம் கோயிலுக்குக் கதிரை போவதே எங்கள் கொட்டிலிலிருந்துதான் என்பது வாசல்வரை போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

வாசலிலேயே இருந்து அழுதேன். வேலிக்கு மேலால் புஸ்பம் அக்கா எட்டிப் பார்த்தாள். சொன்னேன். நான் சொல்லி முடிக்கமுதலே அவள் உள்ளே போய், சாப்பாட்டு மேசைக் கதிரை இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து என் முற்றத்தில் வைத்தாள். "என்ர அவர் விடியப்புறம் கண் மூடினது. ஏழு மணிக்கு உங்கட கதிரை வந்து நிண்டது. நான் சொல்லி அனுப்பவே இல்லை" என்றாள்.

பிறகு நடந்ததை நான் ஒழுங்காகச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒழுங்காக நடக்கவில்லை. புஸ்பம் அக்கா ஒரு ஒழுங்கையால் போனாள், நான் மற்ற ஒழுங்கையால் போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று எங்கள் வெட்கக்கேட்டை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வீட்டிலும் இல்லை என்று சொல்லவில்லை. பிரம்புக் கதிரை, இரும்புக் கதிரை, கை உடைந்த பிளாஸ்டிக் கதிரை, தையல் மெசினுக்கு முன்னால் போடும் முக்காலி, முடிவெட்டும் கடையின் நீள வாங்கு, ஒருவர் தன் அப்பாவின் சாய்மனைக் கதிரையையே தூக்கிக்கொண்டு வந்தார். அறுபத்தெட்டு சேர்ந்தது. ஒன்றைப்போல ஒன்றில்லை. இராசேந்திரம் அண்ணன் கயிறு போட்டுக் கட்டிக் கட்டி எனக்கு ஏச்சு, கயிறுக்கு ஏச்சு, கலியாணத்துக்கு ஏச்சு.

எருக்கலம்பிட்டி இருக்கும் தீவுக்குக் கடலுக்கு மேலால் போகும் பாலத்தில் காற்றோ காற்று. சாய்மனைக் கதிரையின் துணி பாய்போல விரிந்தது. நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் கடல் கடந்தேன். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எருக்கலம்பிட்டிக்குப் போய்ச் சேர இரண்டேகால். சனம் நின்றுகொண்டிருந்தது. தலையை முந்தானையால் மூடிக்கொண்டு இறங்கினேன். அவர் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில், மூன்று மணிக்கு நிழல் விழும் பக்கம் எது என்று பார்த்து, உடலைத் தூக்கும் சந்தூக்கு வெளியே வரப் பாதை விட்டு, இராசேந்திரம் அண்ணனும் நானுமாகப் பரப்பினோம். வயதானவர்கள் முதலில் இருந்தார்கள். சாய்மனைக் கதிரையில் யாரும் இருக்கத் துணியவில்லை. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவரைப் பிடித்து இருத்தினார்கள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். இன்பாஸ் என்னிடம் வந்தான். முப்பது வயது தாண்டியவன், அழுது கண் வீங்கியிருந்தது. கதிரைகளைச் சுற்றிப் பார்த்தான். "அக்கா, இதெல்லாம் யார்ட கதிரை?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "எங்கட ஊராக்களின்ர. உங்கட வாப்பா எங்கட மாமியின்ர செத்த வீட்டில நாலு மணித்தியாலம் இருக்க இடமில்லாமல் நிண்டவர். அதுக்காகத்தான் அவர் நூறு கதிரை வாங்கி வைச்சிருந்தவர். நான் அதைத் தூக்கிக் கலியாணத்துக்குக் குடுத்திட்டன், தம்பி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். "நானும் அண்டைக்கு வாப்பாவோட வந்தனான். வந்த உடனே வாப்பாக்கு ஒரு கதிரை குடுத்தாங்களே, நானா கண்டிருக்கமாட்டார். கால் ஏலாத மனிசனெண்டு கோயில்ல இருந்து வந்ததில ஒண்டைத் தூக்கிக் குடுத்தாங்க. செவரப் பிடிச்சுக்கொண்டு ஒரு வயித்துப் பிள்ளைக்காரி நிண்டா. வாப்பா அந்தக் கதிரையத் தூக்கிக்கொண்டு போய் அவக்குப் பின்னால வைச்சிட்டு வந்துதான் நிண்டார். நீ சும்மா நிக்கிற, உனக்குக் கண் தெரியல்லயா எண்டு எனக்கு ஏச்சும் விழுந்தது."

பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன். புஸ்பம் அக்காவின் சாப்பாட்டு மேசைக் கதிரை அது. பதினாலு வருடம் அந்த மனிதர் மீன் வண்டியோடு எங்கள் ஊருக்கு வந்துபோனார். ஒருநாளாவது, அந்தக் கதிரையில் இருந்தது நீதானே பிள்ளை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் அன்றைக்குத் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இன்பாஸிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "அது நான்தான், தம்பி" என்றேன். அவன் எனக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனான்.

ஞாயிறு காலை என் கணவர் வந்தார். முற்றம் முழுக்க ஊரார் கதிரை. கலியாணத்துக்குக் கொடுத்ததிலிருந்து கதிரை சேர்த்தது வரை ஒரே மூச்சில் சொன்னேன். ஏசட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"கதிரை எத்தினை மணிக்குப் போய்ச் சேர்ந்தது?" என்று கேட்டார்.

"ரண்டேகால்."

"அடக்கத்துக்கு எடுத்தது?"

"நாலுக்குக் கிட்ட."

"அப்ப சரி." சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, முற்றத்துக் கதிரைகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். அடுத்தவர் வீட்டுக் கதிரைக்கும் கால் ஆடுகிறதா என்று பார்க்கிறார்! ஆடினதுக்கெல்லாம் ஆணி இறுக்கினார். எந்தக் கதிரை எந்த வீட்டுடையது என்று கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்க எனக்கு மூன்று நாள் சென்றது. தங்கள் கதிரை இதைவிட நன்றாக இருந்தது என்று இரண்டு வீட்டில் இன்னமும் சொல்கிறார்கள்.

அவர் ஆணி இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் இன்பாஸ் சொன்ன மிச்சத்தையும் சொன்னேன். "பதின்மூண்டு வருசமா நீங்கள் பிழையான காரணத்துக்கு நூறு கதிரையைக் காத்துக்கொண்டிருக்கிறியள். அந்த மனிசனுக்குக் கதிரை கிடைச்சிருக்கு. அதில இருந்தது நான்."

ஆணி இறுக்கும் சாவியைக் கீழே வைத்தார். பிறகு, "நீ இருந்தனியோ?" என்றார்.

"ஓம்."

"நல்லது." சாவியைத் திரும்பக் கையில் எடுத்தார். "அப்ப ரண்டு பேருக்கு ஒரு கதிரைதான் இருந்திருக்கு. நூறு காணாது, சுகந்தி."

இந்த மனிதரை என்ன செய்வது? நான் சண்டை பிடிக்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. இப்போது நீலம் நூற்றிருபது.

கனடாக்காரரின் கலியாணம் நன்றாக நடந்தது. உறைக்குள் நீலம் இருந்தது ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சனத்தில் இரண்டு பேர் எங்களிடம் வந்தார்கள், மற்றவர்கள் நிலக்சனிடம்தான் போனார்கள். ஆனால் எருக்கலம்பிட்டியிலிருந்து இந்த வருடம் ஐந்து கலியாணம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருவரும் அதற்குப் பிறகு பட்டினத்துக் கடைக்குப் போகவில்லை. கிருஷாந்தினி, உனக்கு ஐந்து வேண்டுமென்றால் இதிலிருந்து நீயே பிய்த்து எடுத்துக்கொள், என்னால் முடியாது.

போன கிழமை என் கணவர் கிணற்றடியில் கதிரை கழுவிக்கொண்டிருந்தபோது, பேசாலையிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய கலியாணமாம், எல்லாக் கதிரையும் வேண்டுமாம். முந்நூறு தரலாம் என்றேன். வந்தவர் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அந்த நீலக் கதிரை?"

"அது சொல்லி வைச்சது."

"ஆருக்கு?"

"இன்னும் தெரியாது" என்றேன்.

வந்தவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு கதிரை தேய்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறார்! எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவேயில்லை.